யாழ்ப்பாணத்து ஆட்பெயர்களும் சமூக வரலாறும்

ஆட்பெயர் ஒருவரை அழைக்க உதவும் ஒலி மட்டுமன்று. அவர் பிறந்த சமூகத்தின் வரலாற்றுச் சான்றுமாகும். நைஜீரியாவின் இக்போ மக்களிடையே, 'எக்கே' என்னும் சந்தை நாளிற் பிறந்த ஆண்மகவுக்கு 'ஒக்கெக்கே' எனப் பெயரிடும் வழக்குண்டு. யாழ்ப்பாணத்து ஆட்பெயர்களும் இவ்வாறே பொருள் பொதிந்தவை.

பாட்டனின் பெயரை மகவுக்கு இடுதல் தமிழர் தொன்மரபு. 'பெயரன்' என்பதே 'பேரன்' என மருவிற்று. பிறவிடங்களில் மகனின் மகனைக் குறிக்கும் இச்சொல், யாழ்ப்பாணத்திற் பாட்டனையே குறிக்கின்றது. பெயரைத் தந்தவரும் பெற்றவரும் ஒரு சொல்லால் இணைகின்றனர்.

வழிபாடும் பெயர்களிற் பதிந்துள்ளது. நல்லூர், மாவிட்டபுரம், செல்வச்சந்நிதி ஆகிய முருகன் தலங்களைக் கொண்ட குடாநாட்டிற் கந்தையா, வேலுப்பிள்ளை, ஆறுமுகம் என்பன பெருவழக்காயின. நாகபூசணி அம்மன் வழிபாட்டை நாகம்மா, நாகேஸ்வரி முதலியன நினைவூட்டுகின்றன.

1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி புதியதொரு மரபைத் தோற்றுவித்தது. அங்கு பயின்ற மாணவர் பலருக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆயினும் தமிழ்ப்பெயர் அழிந்துவிடவில்லை. ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை எனும் இரட்டைப் பெயர்கள் இரு பண்பாடுகளின் சந்திப்புக்குச் சான்றாகின்றன.

எனினும், பெயரின் வரலாறு பெருமை மாத்திரம் உடையதன்று. 'கந்தையா' என்பதில் 'ஐயா'வும், 'வேலுப்பிள்ளை' என்பதில் 'பிள்ளை'யும் மதிப்புச் சொற்கள். ஆதலின் அப்பெயரால் அழைப்பவர் விரும்பாவிடினும் மதிப்பளித்தேயாக வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு இவ்வீறுகள் மறுக்கப்பட்டமைக்குக் காரணம் இதுவே. அதே முருகனின் பெயர் அவர்களுக்குக் 'கந்தன்' என்றும் 'வேலன்' என்றும் குறுகிற்று. தெய்வம் ஒன்றாயினும் விகுதி வேறாயிற்று. ஆலயத்திலும் தேநீர்க்கடையிலும் நிலவிய விலக்கு பெயரின் ஈற்றெழுத்திலும் நிலவியது. பிற்காலத்தில் அம்மக்கள் தம் பிள்ளைகட்கு விரும்பிய முழுப்பெயரைச் சூட்டியமை, ஆரவாரமற்ற உரிமைப் போராட்டம் எனத் தகும்.

குடும்பப்பெயர் வழக்கம் யாழ்ப்பாணத்தார்க்கு இருந்ததில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். 1983ஆம் ஆண்டின் பின் பெருந்தொகையாகப் புலம்பெயர்ந்தோர் பலர், அந்நாடுகளின் பதிவுமுறைக்கேற்பத் தந்தை பெயரையே குடும்பப்பெயராகக் கொண்டனர். அதனால் அங்கு பிறந்த பிள்ளைகள் பேரனின் பெயரைத் தாங்குகின்றனர். பழைய மரபு புதிய வடிவில் தொடர்கின்றது.

பெயரின் பொருளை அகராதி கூறும். அப்பெயரை இடும் உரிமை எவரிடம் இருந்தது என்பதை வரலாறே கூறும்.