கால் நரம்பும் ஒரு கதிரையும்



சென்ற மாத உரைக்குப் பிறகு ஸ்டோவ்னர் சென்டரில் ஒரு சகோதரி என்னை மறித்தார். "அக்கா, காலிலை சிலந்தி வலை மாதிரி நீலமும் சிவப்புமாய் ஓடுது. இது என்ன வருத்தம்? ஊசி போட்டால் போகுமோ?" என்று கேட்டார். அதற்குப் பதில் தேடப்போனபோது ஒரு வரலாறும் சேர்ந்து கிடைத்தது.

நரம்பு என்று நாம் சொன்னாலும், இவை இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளங்கள். தோலுக்கடியில் உள்ள மிகச் சிறிய நாளங்கள் விரிந்து தெரிவதே சிலந்தி நாளம். பெரும்பாலும் ஆபத்தில்லை. பெரிய நாளங்களில் இரத்தம் கீழிறங்காமல் தடுக்கும் வால்வுகள் பழுதடைந்தால் அவை புடைத்துச் சுருளும். அதுதான் வெரிகோஸ். பரம்பரை, கர்ப்பம், வயது ஆகியவற்றோடு நீண்டநேரம் நின்று செய்யும் வேலையும் இதற்குக் காரணமாகிறது.

வைத்தியம் பழையது. ரோமானியத் தளபதி மாரியுஸ் ஒரு காலை அசையாமல் நின்று வெட்டக் கொடுத்துவிட்டு, மற்றக் காலைத் தர மறுத்தார் என்று புளூட்டார்க் எழுதிவைத்தார். 1853இல் பிரெஞ்சு மருத்துவர் பிரவாஸ் உருவாக்கிய ஊசிக்குழலுக்குப் பிறகே நாளத்துக்குள் மருந்து செலுத்தும் முறை வளர்ந்தது. இன்றைய மருந்து நாளத்தின் உட்சுவரை உறுத்தி ஒட்டவைக்கும். மூடிய நாளத்தை உடல் மெல்லக் கரைத்துவிடும். பலமுறை போடவேண்டி வரலாம். சிலருக்குப் பழுப்பு அடையாளம் பல மாதம் நிற்கும். கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. புதிய நாளங்கள் தோன்றுவதை ஊசி தடுக்காது.

அப்படியானால் தடுப்பது எது? இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். அகதியாகத் தமிழகம் சென்ற என் பெறாமகள் சென்னையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் இருக்கக் கூடாது. சுவரில் சாய்ந்தாலும் ஏச்சு. "சின்னம்மா, ராவிலை கால் என்ரை காலாய் இல்லை" என்று தொலைபேசியில் அழுவாள். பிறகு கணுக்காலருகே புண் வந்தது. நான் இங்கிருந்து இறுக்கக் காலுறை வாங்கி அனுப்பினேன். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு கதிரை.

மூன்று விற்பனைப் பெண்களுக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று பிரித்தானியா 1899இலேயே சட்டம் செய்தது. 1947இல் வந்த சென்னைக் கடைகள் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கவில்லை. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பும் கடைப் பெண்களும் ஆண்டுக்கணக்காகப் போராடிய பின்னரே, 2018இல் கேரளம் இருக்கும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021இல் தமிழகமும் அந்த 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. வெரிகோஸ் வருத்தத்தோடு நின்ற பெண்களின் கால்களே அந்த வாதத்துக்குச் சாட்சி. என் பெறாமகளுக்கு அது பிந்தி வந்த சட்டம்.

1980களின் இறுதியில் வடக்கே பின்மார்க்கில் நின்று மீன் வெட்டியவர்களில் நானும் ஒருத்தி. இன்றும் நம்மவர் பலர் சமையலறைகளில் நின்றே உழைக்கிறார்கள். ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கோடுகள் மட்டும் என்றால் பயப்படவேண்டாம். அழகுக்காக ஊசி போடுவதானால் செலவு நம்முடையது. கால் கனத்தால், வீங்கினால், புண் வந்தால் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நொந்தால் அன்றைக்கே போங்கள். அது இரத்தக் கட்டியாக இருக்கலாம். வேலையிடத்தில் இருக்க வழியில்லையென்றால், 'வேர்னெஓம்பூட்' எனப்படும் பாதுகாப்புப் பிரதிநிதியிடம் சொல்லுங்கள்.

கதிரை கேட்பது சோம்பல் அல்ல, நேயர்களே. அதுவும் ஒரு வைத்தியம்.