கூரைப் புறாக்களும் கூர்ப்புக் கொள்கையும்

பொழுதுபோக்குகள் வரலாற்றாய்வின் விளிம்பிலேயே வைக்கப்பட்டு வந்துள்ளன. ஆயினும், ஒரு சமூகத்தில் ஓய்வு யாருக்கு உரியதாயிருந்தது, அவ்வோய்விற் சேர்ந்த அறிவு எவ்வாறு பயன்பட்டது என்னும் வினாக்களை எழுப்புவோமாயின், புறா வளர்ப்பும் ஆய்வுக்குரிய பொருளாகின்றது.

முகலாயப் பேரரசர் அக்பரின் (1556–1605) அவையிற் புறா பறக்கவிடுதல் அரச விளையாட்டாக விளங்கியது. அபுல் பசலின் 'அயினி அக்பரி' இதனை விரித்துரைக்கின்றது. இனங்களைக் கலந்து புறாக்களைச் சிறப்பித்த பெருமையைப் பேரரசருக்கே அளிக்கின்றது. அரசவையுடன் இருபதினாயிரம் புறாக்கள் சென்றதாகக் கூறப்படுகின்றது. பணியாளரின் உழைப்பின் மீது அமைந்த ஓய்வு இது.

இலண்டனின் கிழக்கே ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில் நாம் காண்பது வேறொரு காட்சி. 1685இல் பதினான்காம் லூயி நாந்து அரசாணையை நீக்கியபின் பிரான்சிலிருந்து வெளியேறிய புரட்டஸ்தாந்து நெசவாளர் பலர் இங்கு குடியேறிப் பட்டு நெய்தனர். அவர்தம் வழிவந்த நெசவாளர் வீட்டுக் கூரைகளிற் புறாக்கூடுகளை அமைத்தனர். வீட்டிலேயே தறி இருந்தமையால், ஆலைச் சங்குக்கு அடிபணியாது தம் நேரத்தைத் தாமே பகிர்ந்துகொள்ள அவர்களால் ஓரளவு இயன்றது எனக் கருதலாம்.

1855ஆம் ஆண்டிற் சாள்ஸ் டார்வின் தம் இல்லத்திற் புறா வளர்க்கத் தொடங்கினார். இலண்டன் புறாச் சங்கங்கள் இரண்டிற் சேர்ந்தார். மதுச்சாலையொன்றில் வளர்ப்போருடன் அமர்ந்து உரையாடினார். விசிறிவாற் புறா, கர்ணப்புறா முதலியன வெவ்வேறு மூதாதையரிலிருந்து தோன்றியவை என்பதே வளர்ப்போரின் பொதுவான நம்பிக்கை. டார்வினோ அவ்வினங்களைத் தம்முட் கலந்து நோக்கினார். நீலச் சாம்பல் நிறமும் சிறகிற் கரும்பட்டைகளும் உடைய குஞ்சுகள் சில தோன்றின. மாடப்புறாவின் அடையாளங்கள் அவை. எல்லா இனங்களுக்கும் மாடப்புறாவே மூலம் என 1859இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்தில் அவர் நிறுவினார். சிறு வேறுபாடுகளை வளர்ப்போர் தலைமுறைதோறும் தெரிந்து பெருக்கியமையே இவ்வின வேற்றுமைகளுக்குக் காரணம் என்றார்.

இங்கு இரு ஒருதலைப்பட்சமான முடிவுகளை நாம் தவிர்த்தல் வேண்டும். கூர்ப்புக் கொள்கை தனியொரு மேதையின் சிந்தனையில் மட்டும் உதித்ததன்று. வளர்ப்போரின் நடைமுறை அறிவு மட்டும் அதனைத் தந்திருக்கவும் இயலாது. கைகள் அறிந்திருந்ததன் பொருளைக் கோட்பாடு வெளிக்கொணர்ந்தது.

மற்றுமொரு முரண்பாடும் கவனத்திற்குரியது. 1773ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாளரின் கூலிக்கு அளித்த பாதுகாப்பு 1824இல் நீக்கப்பட்டது. 1860இல் பிரான்சுடன் செய்யப்பட்ட வணிக ஒப்பந்தம் பிரெஞ்சுப் பட்டின் மீதான தீர்வையை அகற்றியது; ஸ்பிற்றல்பீல்ட்ஸ் தறிகள் வீழ்ந்தன. 1864இல் ஹேபேட் ஸ்பென்சர் 'தகுதியுடையதே பிழைக்கும்' என்னும் தொடரை ஆக்கினார். பிற்காலத்தில் வறியோரின் வீழ்ச்சியை இயற்கை விதியெனக் காட்ட விழைந்தோருக்கு அத்தொடர் கருவியாயிற்று.

ஆனாற் புறாக்கூடு புகட்டும் பாடம் வேறு. அங்கே எப்புறா நிலைக்கும் என்பதை வளர்ப்பவனின் விருப்பமே தீர்மானித்தது. தறிகளை வீழ்த்திய சட்டமும் ஒப்பந்தமும் அவ்வாறே மனிதர் செய்த தெரிவுகள். மனிதர் செய்ததை இயற்கையின் மீது சுமத்துவோரை இனங்காண்பது வரலாற்று மாணவரின் கடமையென நாம் கருதுகின்றோம்.