இரட்டைத் தொடக்கம் (கணினி)

இரட்டைத் தொடக்கம் என்பது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியை இயக்கும்பொழுது அவற்றுள் ஒன்றைத் தெரிவு செய்யும் முறையாகும். தெரிவுப் பட்டியலைக் காட்டும் சிறு நிரல் தொடக்க ஏற்றி அல்லது பூட் லோடர் எனப்படும்.

தமிழ்நாட்டில்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் மாணவர் பலருக்கு இம்முறையை அறிமுகப்படுத்தியது. சென்னை நந்தனத்தில் அமைந்துள்ள எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த இக்கணினிகளில், தொடக்க ஆண்டுகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையத்தில் உருவாக்கப்பட்டு 2007 இல் வெளியிடப்பட்டது.

செயற்படும் விதம்

பயாஸ், வன்தட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து அங்குள்ள நிரலை இயக்கும். லினக்சு நிறுவப்படும்பொழுது கிரப் என்னும் ஏற்றி பொதுவாக இவ்விடத்தில் எழுதப்படும். அது விண்டோசையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும்.

சிக்கலும் தீர்வும்

விண்டோசை மீண்டும் நிறுவினால், அது தன் ஏற்றியை அவ்விடத்தில் எழுதிவிடும், பட்டியல் தோன்றாது. லினக்சு அழிந்துவிட்டதெனக் கருதி அதன் பகிர்வை வடிவமைப்போர் தம் கோப்புகளை மெய்யாகவே இழப்பர். பகிர்வு அழிக்கப்படாதவரை கோப்புகள் அப்படியே இருக்கும். அவற்றை மீண்டும் அணுகப் பின்வரும் படிகள் உதவும்:

1. பயாசின் தொடக்க வரிசையில் குறுந்தட்டை அல்லது யூஎஸ்பியை முதலாவதாக அமைத்தல்
2. லினக்சு நிகழ்வட்டின் மூலம் கணினியைத் தொடங்குதல்
3. லினக்சு பகிர்வை இணைத்து, கிரப்பை வன்தட்டில் மீண்டும் நிறுவுதல்
4. கிரப்பின் பட்டியலைப் புதுப்பித்தல்

யூஇஎஃப்ஐ கொண்ட பிற்காலக் கணினிகளில் ஏற்றிகள் தனிப் பகிர்வில் தனித்தனிக் கோப்புகளாக இருப்பதால், பெரும்பாலும் தொடக்க வரிசையை மாற்றினாலே போதுமானது.