குடிநோயாளர்க்குத் துணைவர் யார்?

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரமாகவும் மருந்தை 95-ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளியின் அருகிருந்து துணைபுரிபவனையும் ஒன்றாக வைத்தார். குடியைக் கடிவதில் நம்மவர் என்றும் குறைவைத்ததில்லை. ஆனால், குடிப்பவரை நோயாளராகக் கண்டு, அவருக்குத் துணைபுரிவோரின் தகுதி இன்னதென வரையறுக்க நெடுங்காலம் ஆயிற்று.

சிலாங்கூர்த் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் ஆங்கிலேயர் ஆட்சியின் உரிமத்தோடு நடந்தன. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டுமென்றும் கேட்டனர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். அக்கோரிக்கை நேரியதே. எனினும், கடையை மூடினால் புதிதாகக் குடிப்போர் குறையலாம். முன்பே அடிமையானவரின் நோய் அதனால் தீர்ந்துவிடாது.

இதை நான் பட்டே அறிந்தேன். பல்லாண்டுகளுக்கு முன், உலு யாமில் என் மாணவன் ஒருவனின் தந்தையிடம், “அண்ணே, பிள்ளையின் முகத்துக்காக இன்றே விட்டுவிடுங்கள்” என்றேன். அவரும் சொன்ன சொல் காத்தார். மறுநாள் இரவே வலிப்புக் கண்டு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றோம், நல்லவேளையாகப் பிழைத்தார். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே இடர் நேரலாம் என்பதையும், மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தவேண்டும் என்பதையும் அதன்பின்னரே அறிந்தேன். நல்லெண்ணம் இருந்தது, அறிவு இல்லை.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் கெட்ட இருவர் ஒருவருக்கொருவர் துணையாகி ஓர் இயக்கம் கண்டனர். சொந்த அனுபவமே அவர்தம் தகுதி. சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிநோய்க்கென ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினார். மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், பதிவு பெறாதோர் ஆலோசகர் என்னும் பெயரைச் சூடலாகாது என விதித்தது. 2009-இல், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட கொழும்புத் திட்டம், அடிமைநோய்ப் பணியாளர்க்குப் பயிற்சியும் சான்றும் அளிக்க ஒரு மையம் அமைத்தது. அதன் அடிப்படைப் பயிற்சி எட்டுப் பகுதிகளைக் கொண்டது. போதை உடலில் செய்யும் வேலை, உடன்வரும் மனநோய்கள், நோயை மதிப்பிடும் முறை, நெருக்கடியில் செய்யத்தக்கது, தொழில் ஒழுக்கம் ஆகியன அவற்றுட் சில. அன்று எனக்குத் தெரியாதிருந்தவை இவையே.

ஒருகாலத்தில் கங்காணியும் கிராணியும் பாடஞ்சொன்ன தோட்டப் பள்ளிகள் நம்முடையவை. அவர்களும் அன்பில்லாதவர் அல்லர். ஆயினும் நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டுமென்றே நாம் விரும்பினோம். அப்பிள்ளைகளின் தந்தையர்க்கு மட்டும் யார் வேண்டுமாயினும் துணைவராகலாமா? சான்றிதழ் இரக்கத்தைத் தந்துவிடாதுதான். இரக்கம் தவறிழைக்காமல் அது காக்கும்.

ஆகவே, ஆசிரிய நண்பர்களே, குடியால் நலிந்த வீட்டின் கதவை முதலில் தட்டுபவர் நாமாகவே இருப்போம். ஆனால் அறிவுரையோடு நின்றுவிடாமல், தகுதி பெற்றவரிடம் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். நம் மாணவருள் சிலரேனும் அத்தகுதியைப் பெற்று, தமிழில் நம் மக்களோடு பேச வரட்டும்.