இரண்டாவது பிரதி

1933இல் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டிலேயே ஒரு நூலகம் ஆரம்பித்தார். அடுத்த வருடம் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு வாடகை அறை பிடித்து, 844 புத்தகங்களோடு அதை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அது வளர்ந்துதான் யாழ் பொது நூலகம் ஆனது. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைந்து கொடுத்த கட்டடம் 1959இல் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய வன்முறையில் போலீஸ்காரர்களும் கூட வந்த கும்பலும் அதற்குத் தீ வைத்தபோது, உள்ளே சுமார் 97,000 நூல்கள் இருந்தன. ஓலைச்சுவடிகள், பழைய பத்திரிகைக் கட்டுகள் எல்லாம் அதில் சேர்த்தி.

கட்டடத்தைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். புத்தகங்களுக்கு எங்கே போவது?

2005இல் தன்னார்வலர்கள் சிலர் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். ஜனங்களிடம் இருப்பதைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, யாரும் காசில்லாமல் படிக்கிற மாதிரி ஏற்றிவிடுவதுதான் வேலை. கவிதைத் தொகுப்பு, பள்ளிக்கூட ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், நின்றுபோன சிற்றிதழ் என்று எதையும் அவர்கள் தள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் குடும்பத்தார் அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலருக்குக் ‘கல்வெட்டு’ என்று பேர். வெளியாளுக்கு அது எதுக்கு என்று தோன்றும். ஆனால் ஒரு கிராமத்தில் யார் யாருக்கு உறவு, யார் எங்கே வேலைக்குப் போனார் என்பதெல்லாம் வேறு எந்தப் புத்தகத்தில் இருக்கும்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எரிந்த தாளைக் கணினி மீட்காது. எரியாத இன்னொரு பிரதி யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருந்தது, அது திரும்பி வந்தது. 2015இல் மொசூல் அருங்காட்சியகச் சிலைகளை ஐ.எஸ். உடைத்தபோதும் இதே கதைதான். முன்பு பார்க்கப் போனவர்கள் எடுத்த படங்களைத் திரட்டி முப்பரிமாண உருவங்கள் செய்தார்கள். யாரும் படம் எடுக்காத சிலைக்கு உருவமும் கிடையாது. யாழ்ப்பாணத்திலும் ஒற்றைப் பிரதியாக இருந்த சுவடி போனது போனதுதான்.

இங்கே திருச்சியில் யாரும் தீ வைக்க வேண்டாம். கரையானும் பழைய பேப்பர் கடையும் போதும். தியாகராஜ பாகவதர் சிறுவனாக மேடையேறிய ஊர் இது. சிவாஜி நாடகக் கம்பெனியில் சேர்ந்ததும் இங்கேதான். அந்தக் கால நாடக நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ பாலக்கரையில் ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் கிடக்கலாம். வீட்டை ஒழிக்கும்போது எடைக்குப் போடுவதற்கு முன்னால், கையில் இருக்கிற போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.