உறுப்பினர் அட்டை இருக்கு... ஓட்டு எங்கே? அதிமுக பொதுச்செயலாளர் போட்டியில் நடந்தது என்ன?

கோவிலம்பாக்கத்தில் ஒருவர் முப்பது வருஷமா அதிமுக உறுப்பினரா இருக்கார்னு வெச்சுக்குவோம். கட்சி விதிப்படி பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. மாவட்டச் செயலாளருக்கோ எம்.எல்.ஏ.வுக்கோ மட்டும் உள்ள உரிமை இல்லை அது. எம்.ஜி.ஆர். காலத்திலேயே எழுதப்பட்ட விதி: அடிப்படை உறுப்பினர்கள்தான் பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆனா, எடப்பாடி பழனிசாமியும் ஓ. பன்னீர்செல்வமும் மோதிய அந்தப் பெரிய போட்டியில், கோவிலம்பாக்கம் உறுப்பினர் ஒருமுறைகூட ஓட்டுச்சீட்டைப் பார்க்கலை. ஏன்?

இரட்டைத் தலைமை எப்படி வந்தது?

2016 டிசம்பர் 5-ல் ஜெயலலிதா மறைந்தார். அந்த மாதக் கடைசியில் வானகரத்தில் கூடிய பொதுக்குழு, சசிகலாவைத் தற்காலிகப் பொதுச்செயலாளர் ஆக்கியது. 2017 பிப்ரவரியில் மெரினா நினைவிடத்தில் ஓபிஎஸ் தியானம், கூவத்தூர் ரிசார்ட், சசிகலாவுக்குச் சிறை, எடப்பாடி முதல்வர். இதெல்லாம் டிவியில பார்த்தது ஞாபகம் இருக்கும்.

ஆகஸ்டில் இரண்டு அணிகளும் இணைந்தன. செப்டம்பர் 12-ல் மறுபடி பொதுக்குழு. சசிகலா நியமனம் ரத்து. ஜெயலலிதாதான் நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று தீர்மானம். ஓபிஎஸ் ஒருங்கிணைப்பாளர், இபிஎஸ் இணை ஒருங்கிணைப்பாளர். ஒரு முடிவெடுக்க ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும். சண்டையைத் தீர்க்கப் போட்ட ஏற்பாடுதான். ஆனா அடுத்த சண்டைக்கான விதையும் அதுலயே இருந்தது.

ஜோடியாக ஓட்டு

2021 டிசம்பர் 1-ல் கட்சியின் செயற்குழு விதியைத் திருத்தியது. ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் இருவரையும் அடிப்படை உறுப்பினர்கள் ஒற்றை வாக்கால், அதாவது ஜோடியாக, தேர்ந்தெடுப்பார்கள் என்றார்கள். உடனே தேர்தலும் அறிவிப்பு. வேட்புமனு வாங்க ராயப்பேட்டை தலைமை அலுவலகத்துக்கு வந்த ஒருவர் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. டிசம்பர் 6-ல் இருவரும் போட்டியின்றித் தேர்வு. உறுப்பினருக்கு ஓட்டு உண்டு என்று எழுதி வைத்த அதே வாரத்தில், ஓட்டுப் போட வேண்டிய தேவையே இல்லாமல் போனது!

வானகரத்தில் இரண்டு காலைகள்

ஆறு மாதம்தான். 2022 ஜூன் 14-ல் மாவட்டச் செயலாளர்கள் கூட்டத்தில் 'ஒற்றைத் தலைமை' கோஷம் வெடித்தது. ஜூன் 23-ல் பொதுக்குழு. அன்று அதிகாலை வரை உயர் நீதிமன்றத்தில் விசாரணை. ஏற்கெனவே முடிவான 23 தீர்மானங்களைத் தவிர வேறு எதையும் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. மண்டபத்தில் அந்த 23-ஐயும் நிராகரித்துவிட்டார்கள். வெளியேறிய ஓபிஎஸ் மீது தண்ணீர் பாட்டில் பறந்தது.

பொதுக்குழு உறுப்பினர்கள் மொத்தம் 2,665 பேர். ஜூலை 11-ல் அடுத்த கூட்டத்தைக் கூட்டக் கேட்டுக் கையெழுத்திட்டவர்கள் 2,190 பேர் என்றது எடப்பாடி தரப்பு. போட்டி எங்கே முடிந்தது என்று கேட்டால், இந்தக் கணக்கில்தான். ஓபிஎஸ்ஸுக்குத் தொண்டர்கள் மத்தியில் எவ்வளவு ஆதரவு இருந்தது என்பது ஓட்டால் அளக்கப்படவே இல்லை.

ஜூலை 11 காலை 9 மணிக்கு உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது; சில நிமிடங்களில் கூட்டம் தொடங்கியது. எடப்பாடி இடைக்காலப் பொதுச்செயலாளர். ஓபிஎஸ் நீக்கம். அதே நேரம் ராயப்பேட்டை அலுவலகத்தில் கல்வீச்சு, கதவு உடைப்பு, கட்டடத்துக்கு சீல்.

கோர்ட்டில் என்ன வாதம்?

ஓபிஎஸ் தரப்பு சொன்னது: நான் உறுப்பினர்கள் மூலம் வந்தவன், பொதுக்குழு என் பதவியை எடுக்க முடியாது. எடப்பாடி தரப்பு சொன்னது: அந்த டிசம்பர் திருத்தத்துக்குப் பொதுக்குழு ஒப்புதலே தரலை, அதனால ரெண்டு பதவியும் காலாவதி.

2022 ஆகஸ்ட் 17-ல் தனி நீதிபதி ஓபிஎஸ் பக்கம் தீர்ப்பளித்தார். செப்டம்பர் 2-ல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. 2023 பிப்ரவரி 23-ல் உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது.

அப்புறம் தேர்தல் நடந்ததா?

அறிவித்தார்கள். 2023 மார்ச் 17 அறிவிப்பு, 18, 19-ல் மனுத் தாக்கல், 26-ல் வாக்குப்பதிவு. பழைய விதியில் இல்லாத ஒரு வாசற்படி இப்போது இருந்தது. பொதுச்செயலாளர் பதவிக்கு நிற்பவர் 10 ஆண்டு உறுப்பினராகவும் 5 ஆண்டு தலைமைக் கழக நிர்வாகியாகவும் இருந்திருக்க வேண்டும். 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழியணும், வேறு 10 பேர் வழிமொழியணும்.

மாவட்டச் செயலாளர்களில் பெரும்பாலோர் ஒரே பக்கம் நிற்கும்போது இன்னொருத்தர் எப்படி மனுப் போடுவார்? மனுப் போட்டது எடப்பாடி மட்டுமே. வழக்கால் முடிவை அறிவிக்கத் தடை இருந்தது. மார்ச் 28-ல் தடை நீங்கியதும் அவர் பொதுச்செயலாளராக அறிவிக்கப்பட்டார்.

மத்த இடங்களில் எப்படி?

காங்கிரஸில் சாதாரண உறுப்பினருக்கு நேரடி ஓட்டு இல்லை, பிரதிநிதிகளுக்குத்தான். ஆனா அங்க சில முறை நிஜமாவே எண்ணியிருக்காங்க. 1939-ல் காந்தியின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை 1,580-க்கு 1,377 என சுபாஷ் சந்திரபோஸ் வென்றார். சில மாதங்களில் ராஜினாமாவும் செய்ய வேண்டி வந்தது. 2022-ல் கார்கே 7,897, சசி தரூர் 1,072. தோற்ற தரூர் கட்சியிலேயே தொடர்ந்தார்.

அமெரிக்காவில் 'பிரைமரி' என்றால் வாக்காளரே வந்து கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார். பல மாநிலங்களில் கட்சியில் பதிவு செய்யாதவரும் ஓட்டுப் போடலாம். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த விவேக் ராமசாமி 2024 ஜனவரியில் அயோவாவில் நான்காவதாக வந்ததும் அன்றிரவே விலகி டிரம்பை ஆதரித்தார். 2019 விவாத மேடையில் பைடனைப் போட்டு வாங்கிய கமலா ஹாரிஸை, அடுத்த ஆண்டு பைடனே துணை அதிபர் வேட்பாளர் ஆக்கினார். (அதே கமலா 2024-ல் பிரைமரியே இல்லாமல் பிரதிநிதிகள் ஓட்டில் வேட்பாளர் ஆனார். அங்கேயும் விதிவிலக்கு உண்டு.)

இங்கே தோற்றவருக்குக் கட்சியில் இடமில்லை. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓபிஎஸ் சுயேச்சையாக, பலாப்பழம் சின்னத்தில் நின்றார். அவர் பெயரிலேயே வேறு பன்னீர்செல்வங்களும் களத்தில் இருந்தார்கள். இரட்டை இலையை எதிர்த்து நின்று, இரண்டாவது இடம் பிடித்தார்.

தேர்தல் ஆணையம் கேட்காதா?

உட்கட்சித் தேர்தல் நடத்துங்கள் என்று ஆணையம் கேட்கும். கட்சிகள் நடத்தியதாகத் தகவல் அனுப்பும். சின்னத்துக்கு இரண்டு தரப்பு மோதினால் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்க்கும். அந்தக் கணக்கிலும் எம்.எல்.ஏ., எம்.பி., நிர்வாகிகள்தான் முக்கியம். விதியை மீறியதற்காகக் கட்சியின் பதிவையே ரத்து செய்யும் அதிகாரம், சில விதிவிலக்குகள் தவிர, ஆணையத்துக்கு இல்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோவிலம்பாக்கம் உறுப்பினருக்கு ஓட்டு வேணும்னா, அவரே வக்கீல் வெச்சு சிவில் கோர்ட்டுக்குப் போகணும்.