உப்பு வணிகம் (தமிழ்நாடு)

கடற்கரை அளங்களில் விளையும் உப்பை உள்நாட்டு அடுப்படிவரை கொண்டுசேர்க்கும் வணிகம். கடல்நீருக்கும் வெயிலுக்கும் யாரும் விலை கொடுப்பதில்லை. ஆகவே உப்பின் விலையில் பெரும்பங்கு எக்காலத்திலும் வழியில் ஏறியதுதான்: வண்டிக்கூலி, சுங்கம், வரி, தரகு, அண்மைக் காலத்தில் பொட்டலமும் விளம்பரமும். வழி யார் கையில் இருந்ததோ அவர்களே விலையையும் வைத்தார்கள். அந்த வழி உமணரிடமிருந்து அரசுக்கும், அரசிடமிருந்து ஆலைக்கும் கைமாறியதே இவ்வணிகத்தின் வரலாறு.

சங்க காலத்தில் வழி உமணர் கையில் இருந்தது. நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை அவர்கள் எருத்து வண்டிகளில் ஏற்றி, கூட்டங்கூட்டமாக மேட்டு நிலங்களுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றினார்கள். காசு குறுக்கிடாத வணிகம் அது. மனைவி மக்களோடு குடும்பமே வண்டியுடன் நடந்தது; சிறுபாணாற்றுப்படையில் உமணர் வளர்த்த குரங்குகூட அவர்கள் பிள்ளைகளோடு விளையாடுகிறது. இப்பயணத்தின் இடரைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் வரும் ஒரு பொருள் காட்டிவிடும். பாரம் மிகுதி, எருதுகள் இளையவை, வழியில் எங்கே பள்ளம் எங்கே மேடு என்று யாருக்குத் தெரியும் என்று அஞ்சி, உமணர் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். லாரி ஓட்டுநர் கூடுதல் டயர் கொண்டுபோவதற்கு ஈராயிரம் ஆண்டு மூத்த முன்னோடி இது.

பல்லவர் செப்பேடுகளில் உப்புக்கோச்செய்கை அரசின் உரிமைகளில் ஒன்றாகவும், சோழர் காலக் கல்வெட்டுகளில் உப்பாயம் ஒரு வரியாகவும் வருகின்றன. அரசு விளைச்சலில் பங்கு கேட்டது; மூட்டை எந்த ஊருக்குப் போக வேண்டும், யார் சுமக்க வேண்டும் என்பதில் பெரிதாகத் தலையிட்டதாகத் தெரியவில்லை.

தலையிட்டது கிழக்கிந்தியக் கம்பெனி. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமானது. அளக்காரர் விளைவித்த உப்பு முழுவதையும் அரசுக்கே, அரசு வைத்த விலைக்கே கொடுக்க வேண்டும். வணிகர் அதை அரசுக் கொட்டாரத்தில், அதாவது கிடங்கில், அரசு விலைக்கு வாங்கி உள்நாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அளத்துக்கும் வண்டிக்கும் நடுவே பூட்டிய கதவு ஒன்று முளைத்தது இப்போதுதான். பக்கிங்காம் கால்வாயில் உப்புப் படகுகள் சென்னைக்கு வந்த காலத்தின் அடையாளமாக, சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்கு முனையம் இன்னும் சால்ட் கோட்டர்ஸ் என்றே வழங்குகிறது. கொட்டாரம் என்ற தமிழ்ச் சொல்தான் அதற்குள் இருக்கிறது.

கொட்டாரத்திலிருந்து உள்நாட்டுக்கு உப்பைச் சுமந்தவர்களைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. லம்பாடிகள் பொதிமாட்டு மந்தைகளோடு தக்காணம்வரை உப்பைக் கொண்டுபோனார்கள். குறவர் குடியினரில் ஒரு பிரிவுக்கு உப்புக் குறவர் என்றே பெயர். கறிவேப்பிலை விற்ற பிரிவுக்குக் கறிவேப்பிலைக் குறவர். போகும்போது உப்பு, திரும்பும்போது தானியம் என இரு திசையிலும் மாட்டின் முதுகு காலியாக இராது. வண்டித்தடம் இல்லாத சிற்றூர்களுக்கும் இவர்களே போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்பாதைகள் நீண்டன. நிலையங்களை ஒட்டிய பெருவணிகர் உப்பை வேகன் வேகனாக இறக்கினார்கள். பொதிமாட்டுக்கு வேலை போயிற்று. தொழில் இழந்து அலைந்தவர்களை அரசு சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் பொருந்தியபோது, அதில் சேர்க்கப்பட்டவர்களில் குறவர்களும் இருந்தனர். ஒரு விநியோக முறை மாறியதற்கு இவ்வளவு கொடிய விலை கொடுத்தவர்கள் இவ்வணிக வரலாற்றில் வேறு எவருமில்லை.

வரி இன்னொரு சுமை. ஏறக்குறைய 37 கிலோ கொண்ட ஒரு மணங்கு உப்புக்கு 1916 முதல் ஒன்றேகால் ரூபாய் வரி இருந்தது. 1923இல் அது இரண்டரை ரூபாய் ஆகி, எதிர்ப்பு வலுத்ததால் மறு ஆண்டே பழைய அளவுக்கு இறங்கியது. அளத்தில் உப்பை விளைவிக்க ஆன செலவோ அணாக் கணக்கில் அடங்கும்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்டு, 30ஆம் தேதி வேதாரண்யத்தில் இராஜாஜி உப்பெடுத்துக் கைதானது ஊரறிந்த கதை. வணிக வரலாற்றுக்கு வேண்டியது அடுத்த ஆண்டு காந்தி–இர்வின் ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு பிரிவு. உப்பு கிடைக்கும் இடங்களை ஒட்டிய ஊரார் தம் வீட்டுக்கு உப்பெடுக்கலாம், தம் ஊருக்குள் விற்கவும் செய்யலாம், வெளியாருக்கு விற்கக்கூடாது. எடுக்கும் உரிமையைத் தந்த அரசு, கொண்டுபோகும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வருமானம் எதில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியும். வரி நீங்கியது 1947இல்.

விடுதலைக்குப் பின் தூத்துக்குடி தலைமையிடமாயிற்று. உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடி வட்டாரத்தினுடையது. பாத்தியில் வாரிய உப்பு தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவியும். மழைக்கு முன் அதைப் பனையோலையால் மூடுவது பழைய வழக்கம், இப்போது தார்ப்பாய். அங்கிருந்து லாரியிலும் ரயிலிலும் கேரளத்துக்கும் பிற மாநிலங்களுக்கும் போகும். 1974இல் தமிழ்நாடு உப்புக் கழகம் தொடங்கப்பட்டு, இராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் அரசே உப்பு விளைவிக்கிறது.

கடைசிக் கண்ணியான மளிகைக் கடையில் உப்புக்குத் தனி நடத்தை இருந்தது. கல்லுப்பு மூட்டை கடைக்கு வெளியே, வாய் திறந்தபடி, கசிந்த சாக்கோடு நிற்கும். இரவில் கடையை அடைக்கும்போதும் பல கடைக்காரர்கள் அதை உள்ளே எடுத்துவைப்பதில்லை. உப்பை யார் திருடப்போகிறார்கள்? படியால் அளந்து போடுவார்கள். தெருவில் சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் கூவி விற்றவர்கள் வேறு. விளக்கு வைத்தபின் உப்புக் கேட்டால் கடைக்காரரே தயங்குவார்.

வெளியே நின்ற அந்த மூட்டையைப் பொட்டலம் விரட்டியது. 1983இல் டாடா உப்பு பொட்டலத்தில் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பை உண்பதற்கென விற்க நாடு தழுவிய தடை 1998இல் வந்து, 2000இல் நீங்கி, 2006இல் மீண்டும் நிலைத்தது. கழலை நோயைத் தடுக்க அது தேவையான சட்டமே. உற்பத்தியாகும் இடத்தில் பத்து லட்சத்துக்கு 30 பங்கு, வாங்குபவர் கையில் 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்று அப்போதைய விதி சொன்னது. வழியில் பாதி போய்விடலாம் என்று சட்டமே கணக்குப் போட்டிருந்தது. ஆனால் அயோடின் கலக்க ஆலை வேண்டும், ஆய்வு வேண்டும், உறை வேண்டும். சிறு அளக்காரர் நேரே கடைக்கு உப்புப் போடும் வழி சுருங்கி, ஆலைக்குக் கச்சா உப்பு தருபவராக அவர் நின்றுவிட்டார். அளத்தில் கிலோவுக்குச் சில ரூபாய் பெறும் உப்பு, கடைத்தட்டில் அதன் பல மடங்குக்கு விற்கிறது.

அரசும் பொட்டலப் போட்டியில் இறங்கியது. 2014இல் உப்புக் கழகத்தின் அம்மா உப்பு மூன்று வகையாக 10, 14, 21 ரூபாய்க்கு வந்தது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் பாத்தியில் வேலை நின்றுவிடும். தட்டுமேட்டு அம்பாரத்திலிருந்து லாரிக்கு ஏற்றுவது மட்டும் நடக்கும். வேலையில்லாத அந்த மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகையைத் தமிழ்நாடு அரசு 2022 முதல் வழங்கிவருகிறது.